லூர்துக்கு நான்கு நாள்

செவ்வாய் விடியலில் கப்பல் கரை சேரும் என்றாய்.
போர்ட் பிளேரிலிருந்து மூன்று ராத்திரி
தண்ணீரையே பார்த்து வருகிறவளுக்கு
முதல் வேலையாய்க் கடலைக் காட்ட மாட்டேன்.
துறைமுக வாசலில் என் ஆட்டோ நிற்கும்,
வலது விளக்குக்குப் பிளாஸ்திரி போட்டது.
மீட்டர் போட மாட்டேன், வழக்கம்போல.

கேஸ் பில்லின் முதுகில்
நடுவே ஒரு கோடு இழுத்தேன்.
இடப்பக்கம்: திரும்பவும் போகலாம்.
வலப்பக்கம்: வேண்டாம்.

இடப்பக்கம் முதலில் எழுதியது அத்தோ.
பீச் ஸ்டேஷன் எதிரே, சாயங்காலத் தள்ளுவண்டி.
வாழைத்தண்டு சூப் இரண்டாவது கிண்ணத்துக்குக்
காசு கேட்க மாட்டான், முறைப்பான்.
பர்மாவை நாம் பார்த்ததில்லை.
ஆனாலும் வறுத்த பூண்டைக் கடைசியில் தூவும்போது
யாரோ நம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருக்கும்.

அடுத்து காசிமேடு, மூன்று மணிக்கு.
ஏழு மணிக்குப் போகிறவர்கள்
கரைந்த ஐஸையும் பூனைகளையும் படம் எடுத்துக்கொண்டு
ரொம்ப அழகு என்று சொல்லித் திரும்புகிறார்கள்.
ஏலக் குரல் கேட்க வேண்டுமென்றால் தூங்காதே.

வலப்பக்கம்:
மழை பெய்தால் எந்தச் சுரங்கப்பாதையும்.
மணலி ரோட்டில் டேங்கர் லாரிகளின் நேரம்,
அதாவது எல்லா நேரமும்.
எம்.சி. ரோட்டில் மூன்றாவது புடவைக் கடை.
கல்லாவில் ரெஜி உட்கார்ந்திருக்கிறான்.
விவாகரத்துக்குப் பிறகு தள்ளுபடியும் இல்லை.
சேலை நன்றாக இருக்கும், நீ போய் எடு.
நான் முனையில் டீ குடிக்கிறேன்.

கொடுங்கையூர், குப்பைமேட்டுக் காற்று
நம் பக்கம் திரும்பும் நாளில் வேண்டாம்.
ஆட்டோவுக்கு ஏற்றிவிடக் கண்ணாடி கிடையாது.
இதை ஒரு சவாரியிடம் சொன்னேன்.
அந்த அம்மா வீடு அங்கேதான்.
இறங்கும்போது சில்லறை சரியாக எண்ணிக் கொடுத்து
ஒன்றும் பேசாமல் போனார்.
'வேண்டாம்' என்று எழுதவும்
வேறு எங்காவது வீடு இருக்க வேண்டும், லூர்து.

எண்ணூர் முகத்துவாரத்தை
இடப்பக்கம் எழுதி அடித்தேன்.
வலப்பக்கம் எழுதி அதையும் அடித்தேன்.
பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு
நண்டு துரத்திய மணல் இருக்கிறதா என்று கேட்பாய்.
எண்ணெய் படிந்த அந்த மார்கழியில்
தேசப்பன் அண்ணன் வலையை என் பின்சீட்டில் ஏற்றினார்.
சீட்டை மூன்று முறை கழுவினேன்,
கறை இன்னும் இருக்கிறது, அதன்மேல்தான் நீ உட்காருவாய்.
அண்ணன் இன்னும் அங்கேதான் வலை போடுகிறார்.
நீ கேட்டால் போகலாம்.
நானாகக் கூப்பிட மாட்டேன்.

கடைசியாக, இரண்டு கோடு போட்டு எழுதியது:
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்.
டிரைவர் யாரைக் கேட்டாலும் சுற்றிப் போ என்பார்கள்.
கூட்ஸ் வண்டிக்கு வீடு வாசல் கிடையாது, அவசரமும் கிடையாது.
மேம்பாலம் வரும் என்று
நாம் ரெட்டைச் சடை போட்ட நாளிலிருந்து சொல்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டேன்,
முப்பத்தெட்டு நிமிஷம்.
பத்து நிமிஷம் எல்லோரையும் போலத் திட்டினேன்.
அப்புறம் எஞ்சினை அணைத்தேன்.
ஊரில் யாரும் என்னை
சீக்கிரம் போ என்று சொல்ல முடியாத இடம்
அது ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் பட்டது.

இதே கேட்டில்தானே நீ
சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு
கல்யாணம் அந்தமானில் என்று சொன்னாய்.
சத்தத்தில் கேட்கவில்லை என்று
இன்னொரு தடவை சொல்ல வைத்தேன்.
முதல் தடவையே கேட்டுவிட்டது.
அன்றைக்கு நீ எண்ணியது ஐம்பத்தெட்டு பெட்டி,
நான் ஐம்பத்தொன்பது.
பத்தொன்பது வருஷமாக வழக்கு நிலுவையில்.

அம்புக்குறி போட்டு அதை
இடப்பக்கம் இழுத்துவிட்டேன்.
வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறரை.
கேட் மூடியிருக்க வேண்டும் என்று
போகிற வழியில் மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி.
மாங்காய்ப் பத்தை என் செலவு,
மிளகாய்த்தூள் தனிப் பொட்டலத்தில்.
இந்தத் தடவை எண்ணும்போது மட்டும்
பேசாதே.